ஏரி கால் கழுவிய கதை

ஜனவரி 19, திங்கள்

பனி. விடிந்து வெகுநேரம் ஆகியும் அக்கரை தெரியவில்லை. மாவு பொங்கவில்லை, இட்லி கல் மாதிரி. எல்லாருக்கும் தோசையாக ஊற்றிச் சமாளித்தாயிற்று. கடைசியாக வந்த ஐஸ் வண்டி டிரைவர் மட்டும், "இன்னா பொன்னியக்கா, இட்லிக்கு இன்னிக்கு லீவா?"

அப்புறம் இங்கே பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஷீலா டீச்சர் போன். சனிக்கிழமை கமலவேணி டீச்சர் வருகிறாராம். புத்தகம் புதிதாக அச்சாகிறது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். அதைக் கதை பிறந்த ஊரிலேயே வெளியிட வேண்டும் என்று டீச்சரே கேட்டாராம். "நீங்க மேடையில அவங்க பக்கத்துல உக்காரணும்க்கா. நிஜப் பொன்னி இல்லாம எப்படி?"

கையெல்லாம் மாவு. போனெல்லாம் மாவு. சரி சரி என்று மட்டும் சொன்னேன்.

மைக்கில் பேசச் சொல்வார்கள். என்ன சொல்வது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் வசந்தா. (யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.) நான் மூன்றாவது படிக்கும்போது கமலவேணி டீச்சர் அப்போது நாங்கள் இருந்த அக்கரைக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் வீடு திருப்பாலைவனம், நெல் பயிரிடுகிற குடும்பம். காலையில் பஸ்ஸில் பழவேற்காடு, அங்கிருந்து என் அப்பா, நைனா ஓட்டுகிற படகு. சாயங்காலம் அதே படகில் திரும்பிப் போவார். அந்தப் படகில் நானும் என் சிநேகிதி தனமும் தொற்றிக்கொள்வோம். எங்கள் இரண்டு பேர் அம்மாவும் பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து வீடு திரும்புவோம். டீச்சர் அந்தக் கதையைச் சொன்னது அந்தச் சாயங்காலப் படகில்தான். பிறகு அதைப் புத்தகமாக எழுதினார். பெயர் 'நடந்து போன ஏரி'.

கதை: ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஏரியைக் காணோம். சேற்றில் ஈரக் காலடிகள் மட்டும். கடலுக்குப் போகிற முகத்துவாரத்தை மண் மூடிவிட்டதால், ஏரி நடந்தே சுற்றிக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விட்டது. படகோட்டி மகள் பொன்னி, படகுக்குக் கயிறு கட்டிச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஏரியைத் தேடிப் போகிறாள். வழியில்:

– நண்டுகளின் கோர்ட். எல்லாரும் பக்கவாட்டில் நடப்பதால் ஜட்ஜுக்கு எதிரே யாரும் வந்து நிற்க முடியாது.
– கூழைக்கடா. ஏரியில் தொலைந்ததெல்லாம் அதன் அலகுப் பையில்: கொலுசு, சாவி, ஒரு பள்ளிக்கூட மணி.
– உப்பு ராஜா. மழை என்ற சொல்லைக் கேட்டாலே கரைந்து போகிறவர்.

கடைசியில் ஏரி ஊர் திரும்புகிறது. அப்போது பொன்னி கேட்கிறாளே, "கால் கழுவிட்டியா?" என்று. ஊர் ஊராகச் சுற்றிய கால், அத்தனை சேறு. ஆனால் ஊர்த் தண்ணீர் எல்லாம் ஏரியிடமேதான் இருக்கிறது. அதனால் ஏரி வாசலில் நின்று, தன் தண்ணீரில் தன் காலையே கழுவிக்கொண்டு உள்ளே வருகிறது. எங்கே போனாலும் பிள்ளைகள் இந்த இடத்தைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைப் படகில் கேட்டது நான். படகோட்டி மகள் என்றால் நான்தானே. புத்தகம் வந்த அன்றே அப்போதைய ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பொன்னி.

பேச்சு போதும். இதற்குமேல் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

வாடைக் காற்று. என் வீட்டுக்காரர் சேகர் போன வேகத்தில் திரும்பிவிட்டார். வலையில் கெழங்கா மீன் கொஞ்சம், மீதியெல்லாம் பாசி.

தனம் கடைக்கு வந்தாள். இறால் மார்க்கெட்டில் இவள் குரல் கேட்டால் வியாபாரிகள் விலையை மாற்றிச் சொல்வார்கள். வரும்போதே சண்டை.

"இன்னாடி, மேடையில நீதான் உக்காரப் போறியாமே?"

"ஷீலா டீச்சர் கூப்டாங்க."

"நானும் அதே படகுலதான்டி வந்தேன். கால் கழுவுன கேள்விய கேட்டது நானு. எத்தினி தபா சொல்றது?"

"நீ கேட்டது கூழைக்கடா பையில இன்னா கீதுன்னு."

"அத்தயும் நான்தான் கேட்டேன், இத்தயும் நான்தான் கேட்டேன்."

இது இன்று தொடங்கியதில்லை. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் வளர்ந்து, அந்தப் பிள்ளைகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. இன்னும் தீரவில்லை. கோபத்தோடேயே இரண்டு வடை தின்றாள். போகும்போது, "புடவை இன்னா கட்டப் போறே? அந்தப் பச்சை வேணாம், உனுக்கு எடுக்காது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

நைனாவிடம் டீச்சர் வருகிற விஷயத்தைச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "யாரு, நம்ம டீச்சரா?" என்றார். கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ஷேவ் பண்ணிக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 21, புதன்

வெயில் நன்றாக வந்தது. மாவும் பொங்கியது. மனசுக்கு நிம்மதி.

பள்ளிக்கூடம் போகிற வழியில் தோசை வாங்க வந்த ஒரு வாண்டு. மூன்றாவதோ நான்காவதோ. 'நடந்து போன ஏரி'யை ஏழு தடவை படித்திருக்கிறாளாம். உனக்கு என்ன அதில் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். நண்டு கோர்ட் என்பாள், கால் கழுவுவது என்பாள் என்று நினைத்தேன். தோசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுல பொன்னிய யாருமே திட்ட மாட்டாங்க."

அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். தனியாக அத்தனை தூரம் போகிறாள், உடம்பெல்லாம் சேறு, பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பி வந்ததும் அம்மா சோறு போடுகிறாள். ஒரு வார்த்தை திட்டு இல்லை. இத்தனை வருஷமாகக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், எனக்கு இது படவே இல்லை.

மற்றவர்கள் சொன்னவை, நினைவுக்கு வருகிறவரை:

– பொன்னேரி ஆஸ்பத்திரியில் எனக்குக் கிட்னிக் கல் எடுத்தபோது இருந்த நர்ஸ்: ஹாஸ்டலில் அழுகை வந்தால் உப்பு ராஜா பக்கத்தைத் திறப்பாளாம். அவ்வளவு பெரிய ராஜாவே கரைகிறாரே என்று. நான்தான் பொன்னி என்று தெரிந்ததும் ஊசி போட்ட கையையே பிடித்துக்கொண்டாள். வலி உயிர் போனது. சொல்லவில்லை.
– காட்டூரிலிருந்து நெல் லாரியோடு வருகிறவர்: "எங்க பசங்கள வயலுக்குக் கூப்ட்டா வர மாட்டானுங்க. ஏரியைத் தேடிப் போலாம் வாங்கடான்னா வருவானுங்க."
– சேகர்: "படகுக்கு டீசல் போடாத ஒரே கதை."

நைனா அம்மன் கோயில் முக்கில் போய் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். "இன்னொரு தபா பண்ணிக்கலாம்" என்றார்.

அப்புறம் அவரே கேட்டார். "பாப்பா, அந்தப் புஸ்தகத்துல கோர்ட்டு சமாசாரம்லாம் வெச்சிக்கிறாங்களா, வெட்டிட்டாங்களா?"

"முழுசா கீது நைனா."

தலையாட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு தடவைகூட நான் அவருக்குப் படித்துக் காட்டியதில்லை. அவர்தான் படகிலேயே இருந்தாரே, தனியாகப் படிப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

கேஸ் தீர்ந்தது, நடுவில். பக்கத்துக் கடை சிலிண்டர் கடன். மாம்பழக் கலர் புடவை அயர்ன் பண்ணக் கொடுத்தாச்சு. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பூநாரைகள் நிறைய இறங்கியிருக்கின்றன. டூரிஸ்ட் கூட்டம். கடையில் வறுவல் மதியத்துக்கே காலி.

பேச்சைச் சொல்லிப் பார்த்தேன், பாத்திரம் தேய்த்துக்கொண்டே. 'எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் வசந்தா, ஆனால் உங்களுக்கு நான் பொன்னி.' இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், கை தட்டுவார்கள். சேகர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். கை தட்டினார். தண்ணீரை அள்ளி வீசினேன்.

புத்தகம் போடுகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நித்யா என்று பெயர், சின்னக் குரல். டீச்சரோடு அவளும் வருகிறாள். புதுப் புத்தகத்தின் அடுத்த அச்சில் முன்பக்கத்தில் என் போட்டோவும், நான் கேள்வி கேட்ட கதையும் போடலாமா என்றாள். போடு கண்ணு, என்றேன். போனை வைத்ததும் கண்ணாடியில் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சேகர் நல்ல மடவை கொண்டுவந்தார், முட்டையோடு. டீச்சருக்கு என்று எடுத்து வைத்தேன். டீச்சர் மீன் சாப்பிடுவாரா? அந்தக் காலத்தில் சாப்பிட மாட்டார். அம்மா கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டதாக ஞாபகம்.

ஜனவரி 24, சனி

எங்கிருந்து தொடங்குவது?

பனி இல்லை. காற்று இல்லை. ஏரி தட்டு மாதிரி.

பதினோரு மணி வாக்கில் கார். டீச்சர் இறங்கினார். நீலக் கைத்தறிப் புடவை, கையில் குச்சி, தலைமுடி முழுக்க வெள்ளை. குரல் மட்டும் அதே குரல். நான் முன்னால் போய் நின்றேன், மாம்பழக் கலரில். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கண் என்னைத் தாண்டித் தேடியது.

"ஏழுமலை எங்கே?"

நைனா கடைத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று முகம். மெதுவாக வெளியே வந்து, "இன்னா டீச்சர், இன்னிக்கும் பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்றார்.

டீச்சர் சிரித்த சிரிப்பில் குச்சி கீழே விழுந்தது. நித்யா எடுத்துக் கொடுத்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் சிரித்தோம்.

விழா மூன்று மணிக்குத்தான். அதற்குமுன் படகில் ஒரு போட்டோ வேண்டும் என்றாள் நித்யா. டீச்சர், நிஜப் பொன்னி, படகோட்டி மூன்று பேரும். சேகரின் ஃபைபர் படகில் ஏறினோம். டீச்சரை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நைனா முன்பக்கம் போய் உட்கார்ந்தார். எஞ்சினை மெதுவாக விட்டார் சேகர். தூரத்தில் பூநாரைகள், ரோஸ் கலரில் ஒரு கோடு மாதிரி.

நித்யா போனில் ரெக்கார்டிங் போட்டாள். "அக்கா, அந்தக் கால் கழுவுற கேள்வியை எப்படிக் கேட்டீங்க? சொல்லுங்க."

நான் எப்போதும் சொல்கிறபடி சொன்னேன். சாயங்காலம், டீச்சர் ஏரி திரும்பி வருகிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் என் சேற்றுக் காலைப் பார்க்கிறேன், சட்டென்று கேட்கிறேன். அழகாகத்தான் வந்தது. முடித்துவிட்டு டீச்சரைப் பார்த்தேன். அவர் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் டீச்சர். நித்யாவிடம், "அதையும் நிறுத்தும்மா." அப்புறம் என்னைப் பார்த்து, "வசந்தா" என்றார்.

அந்தப் பெயரில் என்னை யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது. கட்டின புருஷன்கூடப் பொன்னி என்பார்.

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், நாளைக்குள் மறந்துபோகும்.

"அந்த வருஷம் முகத்துவாரம் மூடிக்கிட்டு ஏரி வத்திப்போச்சு. மீன் இல்லை. படகு நடுவுல தட்டும், உங்க நைனா இறங்கித் தள்ளுவாரு. ஒரு மணி நேரம் ஆகும் கரை சேர. மெட்ராஸ் ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போறேன்னு சொல்லிட்டாரு. அவர் போனா படகு இல்லை. படகு இல்லைன்னா எனக்கு வேலை இல்லை. எங்க வீட்டுல அதுக்குத்தான் காத்திருந்தாங்க, வேலைய விட்டா மறுவாரமே கல்யாணம். எனக்கு அப்போ அது வேண்டாம். தினமும் பயம், நாளைக்கு இவர் வருவாரா, வருவாரான்னு. ஒருநாள் படகு தட்டி நின்னப்போ சும்மா ஆரம்பிச்சேன். ஒரு ஊர்ல ஏரி காணாமப் போச்சுன்னு. பாதியிலே கரை வந்துடுச்சு. மீதி இன்னா ஆச்சுன்னு கேட்டாரு. நாளைக்குச் சொல்றேன்னேன். மறுநாள் வந்தாரு."

நித்யா போனைப் பைக்குள் வைத்தாள்.

"அதனாலதான் நண்டு கோர்ட் அவ்வளவு நீளம். மழை வந்து ஏரி ரொம்புற வரைக்கும் இழுக்கணுமே! விமர்சனம் எழுதினவங்கள்லாம் என்னென்னவோ சொன்னாங்க, அதுல ஆழமான அர்த்தம் இருக்குன்னு. ஒரு அர்த்தமும் இல்லை. மழை தாமதம், அவ்வளவுதான்."

"அப்போ கால் கழுவுன கேள்வி? நான்தானே டீச்சர்…"

"நீ எங்கே கேட்டே? ஏறின உடனே கயித்துச் சுருள்மேல தலைய வெச்சுத் தூங்கிடுவே. தனம் உன்மேல சாய்ஞ்சு தூங்கிடும். ஒருநாள்கூட நீங்க முழிச்சிருந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டது ஏழுமலை."

நைனா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நித்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காது சூடாகிவிட்டது. மாம்பழக் கலர் புடவை, மைக், கை தட்டல், போட்டோ, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நர்ஸ் வேறு. பொய் சொல்லவில்லை, சத்தியமாக எனக்கு அப்படித்தான் ஞாபகம். சேற்றுக் கால் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

டீச்சர் என் முழங்காலில் கை வைத்தார். "இத்தனை வருஷமா ஊர்ல நீதான் பொன்னின்னு எனக்கும் தெரியும். கேள்விப்படும்போதெல்லாம் சந்தோஷமா இருக்கும், சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்போ புத்தகத்திலே அச்சாகப் போகுது, அதான் சொன்னேன். நீ வேண்டாம்னு சொல்லு, மேடையிலே ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீயே பொன்னியா இரு."

படகு தானாகவே கொஞ்சம் திரும்பியது. நைனாவின் பின்கழுத்து தெரிந்தது. இரண்டு தடவை ஷேவ் பண்ணியதில் ஒரு கீறல், அதில் பவுடர். இந்த மனுஷன் இத்தனை வருஷம் என் கடையில் பூண்டு உரித்துக்கொண்டே, நான் ஒவ்வொருத்தரிடமும் அந்தக் கேள்வியைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளும் முகம் மாறவில்லை.

"சொல்லிடுங்க டீச்சர்" என்றேன். "அவரு பேர்லயே சொல்லுங்க."

"பாப்பா, அதெல்லாம் எதுக்கு" என்றார் நைனா, திரும்பாமலே.

"நீ சும்மா இரு நைனா."

மேடையில் என் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். நான் கீழே, முதல் வரிசையில், தனத்துக்குப் பக்கத்தில். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைகளுக்காகச் சொன்ன கதை இல்லை இது, ஒரு பெரிய மனுஷரை ஊரைவிட்டுப் போகாமல் நிறுத்துவதற்காகச் சொன்ன கதை என்றதும் பிள்ளைகள் எல்லாரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார், தப்புப் பண்ணிய பையன் மாதிரி. அப்படிக் கை தட்டினார்கள்!

ஒரு பிள்ளை எழுந்து, "தாத்தா, ஏரி ஏன் கால் கழுவணும்?" என்று கேட்டது.

நைனா மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "சேத்துக் காலோட உள்ள வந்தா எங்க வூட்ல அடி வுழும். ஏரின்னா மட்டும் வுட்டுருவாங்களா? ஆனா தண்ணிக்கு அது எங்க போவும் பாவம்? அத்தான் டீச்சராண்ட கேட்டேன்."

பொன்னி யார் என்று இன்னொரு பிள்ளை. டீச்சர் சொன்னார்: "கதை ஆரம்பிச்ச அன்னைக்கு எங்க வீட்டு அரிசி மூட்டை ஒண்ணு படகுல இருந்துச்சு, வசந்தா அம்மாவுக்குக் குடுக்கக் காலையில கொண்டுவந்தது. மூட்டைமேல பொன்னின்னு எழுதியிருந்துச்சு. பேர் வேணும்ல? வெச்சுட்டேன்."

சிரிப்பு அடங்கவே இல்லை. தனம் என் தொடையில் அறைந்து அறைந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். முதலில் மற்றவர்களுக்காக, அப்புறம் நிஜமாகவே.

டீச்சர் மடவை சாப்பிட்டார். முட்டையையும்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுந்ததும் மனசில் ஒரு சின்ன வலி. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. மதியம் வரைக்கும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பேச நேரமும் இல்லை.

எல்லாரும் பழையபடி பொன்னியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தனம் மட்டும் தெருமுனையிலிருந்தே, "இன்னாமே அரிசி!" என்றாள்.

"நீயுந்தானே தூங்கினே" என்றேன்.

"ஆமாண்டி. நானே கேட்டேன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம்லாம் பண்ணிட்டேனே. சாமி இன்னா நெனச்சிருக்கும்?" உட்கார்ந்து யோசித்தாள். "ஆனா உம்மேல சாஞ்சு தூங்குனது ஞாபகம் கீது. உன் தலையில வேப்பெண்ணெய் நாத்தம்."

இரண்டு பேரும் டீ குடித்தோம். சண்டை போட ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது விசித்திரமாக இருந்தது. அப்புறம் இறால் விலையைப் பற்றிச் சண்டை போட்டோம்.

சாயங்காலம் நைனா பக்கத்தில் உட்கார்ந்து நானும் பூண்டு உரித்தேன்.

"டீச்சர் கதைய இழுத்துகினே போறாங்கன்னு உனக்குத் தெரியாதா நைனா?"

"தெரியாமலா? நண்டு கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா. எந்தக் கதையில கீது அப்டி?"

"அப்புறம் ஏன் போவல?"

பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். "எனுக்கும் போவப் புடிக்கல. ஆனா போறேன்னு ஊர் பூரா சொல்ட்டேன். மூட்ட தூக்கப் பயந்துட்டான்னு பேசுவானுங்க. அம்மாவாண்ட சொன்னேன், டீச்சர் கதை ஒண்ணு சொல்லிகினு கீது, முடியட்டும், போறேன்னு." சிரித்தார். "உங்கம்மா, இன்னா கதைன்னா. அன்னன்னிக்கு கேட்டத வூட்டுக்கு வந்து சொல்வேன். சோறு போட்டுகினே கேப்பா. நீ அவ மடியில கெடப்பே. அப்போ முழிச்சிருப்பே நீ. கண்ண இம்மாம் பெரிசா தொறந்துகினு."

உரித்த பூண்டு கையிலேயே இருந்தது.

"கால் கழுவுன கேள்விய டீச்சராண்ட கேட்ட அன்னிக்கு, வூட்டுக்கு வந்து அதச் சொன்னேன். நீ உடனே உன் காலத் தூக்கிப் பாத்தே. சேறு. உங்கம்மா போட்டா பாரு ஒரு அடி."

அப்படியானால் அந்தச் சேற்றுக் கால் பொய் இல்லை. இடம் மட்டும்தான் வேறு. படகில்லை, எங்கள் வீடு. சொன்னது டீச்சர் இல்லை, நைனா.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனுக்கு சோக்கா இருந்துச்சு, வுட்டுட்டேன்" என்றார். பூண்டு போதுமா என்றார்.

சாப்பிட்ட பிறகு புதுப் புத்தகத்தை எடுத்து நைனாவுக்கு முதல் அத்தியாயம் படித்தேன். வரிக்கு வரி திருத்தினார். "டீச்சர் இப்டி சொல்லல." "இங்க இன்னும் நெறைய இருந்துச்சு." சேகர் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஜனவரி 26, திங்கள்

இளவெயில். கொடி ஏற்றப் பள்ளிக்கூடத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்னாள் பொன்னி என்ற முறையில், என்றார் ஷீலா டீச்சர். பச்சைப் புடவையே கட்டிக்கொண்டு போனேன்.

மிட்டாய் கொடுத்து முடித்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சு ஒன்றும் தயார் பண்ணவில்லை. "கதை எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. டீச்சர் சொல்றப்பல்லாம் நான் படகுல தூங்கிட்டேன்" என்றேன். ஒரே சிரிப்பு. போய்விடலாம் என்று திரும்பினேன். ஒரு வாண்டு புடவையைப் பிடித்துக்கொண்டது.

"தூங்குறப்போ இன்னா கனா வந்துச்சு?"

யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் எல்லாரும் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். மைதானத்திலிருந்து பார்த்தால் லைட் ஹவுஸ் தெரிந்தது. வாய் தானாகவே சொன்னது: "லைட் ஹவுஸ் வந்துச்சு. அது ராத்திரி பூரா முழிச்சிகினு இருக்குதில்ல? பகல்ல எங்க தூங்கும்? எடமே கெடைக்கல. எங்க படகுல என் பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு."

"அவ்ளோ நீட்டா கீதே! பத்துமா?"

"கால் ரெண்டும் வெளிய. தண்ணியில தொங்குது."

"அப்போ படகு ஓட்டுற தாத்தா எங்க உக்காந்தாரு?"

"லைட் ஹவுஸ் மேலயே ஏறி நின்னுகினு ஓட்டினாரு. அங்கேர்ந்து பாத்தா ஏரி பூரா தெரிஞ்சுது."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. மணி அடிக்கும்வரை நிறுத்த முடியவில்லை. ஷீலா டீச்சர்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது, சேகர் போன் மேல் போன்.

கிளம்பும்போது ஒருத்தி வாசல்வரை ஓடிவந்து கேட்டாள், லைட் ஹவுஸ் குறட்டை விடுமா என்று. தெரியலையே கண்ணு என்று வந்துவிட்டேன்.

தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பதில் கிடைத்தது. விடும். ஒவ்வொரு குறட்டைக்கும் விளக்கு ஒரு தடவை எரிந்து அணையும்.